மூன்றேகால் மணி நேரம்

வஹீபா அந்த மனிதரின் குரலைத்தான் முதலில் கேட்டாள். பதினான்காம் வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ஜன்னலோரம் இருந்த மனைவிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு ஜித்தாவில் கிளம்புகிறோம், ஆறே முக்காலுக்கு அல்ஜியர்ஸில் இறங்குகிறோம், ஆக மூன்றேகால் மணி நேரம்தான். இறங்கிக் கால் நீட்டுவதற்குள் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிடுவார்கள். வெறும் மூன்றேகால் மணி நேரம், கண்ணை மூடிக்கொண்டு இரு என்றார்.

விமானப் பணிப்பெண்களுக்குத் தலைவியாக இருந்த வஹீபா, இந்த ஜித்தா-அல்ஜியர்ஸ் தடத்தில் பதினெட்டு வருடம் போய் வந்தவள். ரமலானில் மக்காவுக்கு உம்ரா யாத்திரை முடித்துத் திரும்புகிறவர்களில் பத்துப் பேராவது இந்தக் கணக்கைப் போடுவார்கள். தலைக்கு மேலே பைகளைத் திணித்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு அவரைத் திருத்தினாள். பயணச்சீட்டில் போட்டிருக்கிற இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. அல்ஜியர்ஸ் கடிகாரம் ஜித்தாவுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். பறப்பது மூன்றேகால் மணி இல்லை, ஐந்தேகால் மணி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும்; வெயிலில் காய்ந்த முகம், நரைத்த கட்டை மீசை, கனத்த கைகள். பெயர் பூஅலாம். அல்ஜியர்ஸுக்கும் பாலைவனத்தின் நட்டநடுவில் இருக்கும் தமன்ராசெத்துக்கும் இடையே முப்பத்தொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர் என்பது பிறகு தெரிந்தது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்பேன் என்று அவர் சொன்னால் கடைக்காரர்கள் அதை நம்பி அடுப்பு மூட்டுவார்களாம். அப்படிப்பட்டவர் இரண்டு ஊர்க் கடிகாரத்தை ஒன்றாக எண்ணி ஏமாந்திருந்தார். காது வரைக்கும் சிவந்துபோயிற்று.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த சமயம் பார்த்து எழுந்து, வஹீபாவின் பின்னாலேயே விமானத்தின் சமையலறைத் தடுப்புவரை வந்தார்.

"மகளே, அவகிட்ட இதைச் சொல்லிடாத. அவளுக்குச் சக்கரை வியாதி. எட்டு வருஷமா டாக்டர் நோன்பு பிடிக்கக் கூடாதுன்னுட்டார். மதீனாவுல அழுது அடம்பிடிச்சு மூணே மூணு நாள் கேட்டா. நேத்தோட ரெண்டு ஆச்சு. இது மூணாவது. கணக்கு போட்டுப் பார்த்து, தாங்கும்னு நான்தான் சரின்னு சொன்னேன்."

வஹீபா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, அம்மாவிடம் மறைப்பது சரியில்லை, அவருடைய உடம்பு, அவர்தான் முடிவு செய்யவேண்டும் என்றாள். பூஅலாம் தலையைச் சொறிந்தபடி திரும்பிப் போய் உண்மையைச் சொன்னார். யமீனா என்ற அந்த அம்மாள் சிறிய உருவம். வெள்ளைத் தலைத்துணிக்குள் முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. கணவர் சொன்னதைக் கேட்டு அவர் பதறவில்லை. இரண்டு மணி நேரம் கூடினால் கூடட்டும், விடியுமுன் சஹரில் நன்றாகச் சாப்பிட்டேன் என்றார். உலகம் பூராவும் வண்டி ஓட்டின ஆளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்று ஒரு குத்தும் குத்தினார். சர்க்கரை அளக்கும் கருவி கைப்பையில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வஹீபா அங்கிருந்து நகர்ந்தாள்.

கூடின நேரம் அதோடு நிற்கவில்லை. யாரோ ஒரு யாத்ரீகர் வேறு வாசலில் போய் உட்கார்ந்து தூங்கிவிட, அவரைத் தேடிப் பிடித்து வந்து ஏற்றியதில் முக்கால் மணி நேரம் போயிற்று. சக்கரம் தரையை விட்டபோது ஜித்தாவில் நாலேகால்.

செங்கடலைத் தாண்டியதும் பூஅலாமுக்குப் பேச்சு வந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். நேர்கோடு போட்டால் மூவாயிரத்து எண்ணூறு சொச்சம், வானத்திலும் வளைந்து வளைந்துதான் பாதை, அதனால் கொஞ்சம் கூடும் என்று வஹீபா சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணினார். அல்ஜியர்ஸிலிருந்து தமன்ராசெத் போய்த் திரும்பி வந்தால் அதே தூரம். போக முப்பது மணி, வர முப்பது மணி.

"அறுபது மணி நேரத்தைச் சுருட்டி அஞ்சு மணிக்குள்ள வெச்சுட்டீங்களே," என்றார். குரலில் பொறாமை இல்லை, மனம் நிறைந்த வியப்புதான் இருந்தது. அன்று காலையிலிருந்து வஹீபா கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

விமானி அறையில் துணை விமானி மொக்ரான் மடியில் ஒரு தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். திஸி உஸூ பக்கத்து மலைக்காரன், முப்பது வயது. ரமலானில் சூரியன் மறையும் நிமிடத்தைக் கணக்கிட்டுச் சொல்வது அவன் வேலையில் சேராது; ஆனால் கணினி காட்டும் எண்ணைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. நோன்பு எப்போது திறக்கலாம் என்று பயணிகள் கேட்பார்கள் என வஹீபா சொன்னதும், தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, சூரியன் மேக்க ஓடுது. நாமளும் அதைத் துரத்திக்கிட்டு மேக்க ஓடுறோம். நாம ஒரு மணி நேரம் பறந்தா பகல் அரை மணி நேரந்தான் குறையும். அதுக்கு மேல, நாம பதினொரு கிலோமீட்டர் உசரத்துல இருக்கோம். கீழ இருக்கறவனுக்கு மறைஞ்ச சூரியன் நமக்குக் கொஞ்ச நேரம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். நம்ம சூரியன் அல்ஜியர்ஸ் நேரம் ஏழு ரெண்டுக்கு மறையும்."

ஏழு மணி சுமாருக்கா என்று வஹீபா கேட்டாள். சுமார் இல்லை, ஏழு இரண்டு என்றான். கேப்டன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பெரிய பாராட்டு.

மத்தியதரைக் கடலின் மேலே போய்க்கொண்டிருக்கும்போது குழப்பம் வந்தது. இருபதாம் வரிசையில் யாரோ ஒருவருடைய கைப்பேசி, ஜித்தா நேரத்தை மாற்றாமல் விட்டிருந்ததால், ஆறு முப்பத்துமூன்றுக்கு உரத்த குரலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. அடுத்தடுத்து நாலைந்து கைப்பேசிகள் அதோடு சேர்ந்துகொண்டன. இடது பக்க ஜன்னல்களில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அப்படியிருந்தும் இரண்டு பேர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். ஒருவர் பாதி மென்றதைத் துப்ப, மற்றவர் விழுங்கிவிட்டு விழிக்க, பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, அந்த வரிசையே சந்தைக்கடை ஆயிற்று. யாத்ரீகர்களோடு வந்த மார்க்க ஆசிரியர் எழுந்து, தெரியாமல் சாப்பிட்டது குற்றமில்லை, பிறகு ஒரு நாள் பிடித்துக்கொள்ளலாம், வானத்தில் இருக்கிறவனுக்கு அவன் கண்ணில் படுகிற சூரியன்தான் கணக்கு என்று சொல்லி அமைதிப்படுத்தினார். அப்போது கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. நோன்பு திறக்கும் நம்முடைய மஃரிப் நேரம் அல்ஜியர்ஸ் கடிகாரப்படி ஏழு இரண்டு, கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். விமானம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பின்வரிசையில் யாரோ, இந்த நோன்புக்குக் கூடுதல் நன்மை உண்டா என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

யமீனா சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

அதன்பின் வஹீபா காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வரிசையைக் கடந்து போனாள். அல்ஜியர்ஸ் நேரம் ஐந்தரைக்கு அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்தார். ஆறு மணிக்குப் பேச்சு குறைந்திருந்தது. ஆறு இருபத்தைந்துக்கு உணவுப் பெட்டிகளை விநியோகித்துக்கொண்டே வந்தபோது, பூஅலாம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். யமீனாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. விரல்கள் நடுங்கின. உள்ளங்கை ஐஸ்போலச் சில்லிட்டிருந்தது.

வஹீபா கைப்பையிலிருந்து கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தாள். லிட்டருக்கு 0.54 கிராம், அதாவது ஐம்பத்துநான்கு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அவள் பயிற்சியில் படித்திருந்தாள். உடனே ஆரஞ்சுச் சாறு கொண்டுவரச் சொல்லி, வரிசைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கோப்பையை நீட்டினாள். யமீனா உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

"இன்னும் அரை மணி நேரந்தானே. எட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அரை மணி நேரம் பெரிசா?"

நாக்கு லேசாகக் குழறியது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு என்று மார்க்க ஆசிரியர் வந்து பக்குவமாகச் சொன்னார். அது எனக்கும் தெரியும், எட்டு வருஷமாக அந்தச் சலுகையில்தானே இருக்கிறேன், போதும் என்றார் யமீனா. ஆசிரியர் தன் இருக்கைக்குத் திரும்பினார்.

அந்த நேரம் விமானம் துனிஸ் நகரின் மேலே வந்திருந்தது. பூஅலாம் மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார். ஊர் இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவிளக்குகள் கோடு கோடாக எரிந்தன. ஆனால் விமானத்தின் இறக்கை மேல் செம்பொன்னாக வெயில் கிடந்தது. அவர் சட்டென்று எழுந்து வஹீபாவைத் தனியே அழைத்துப் போனார்.

"கீழ இருக்கறவன் இப்ப நோன்பு திறந்துட்டான் மகளே. நான் மெதியா மலையில இருந்து வண்டியை இறக்குவேன். மேல வெயில் அடிக்கும். ஷிஃபா பள்ளத்துக்கு வந்தா விளக்கு போட்டாத்தான் ரோடே தெரியும். மலை மேல பகல், அடிவாரத்துல ராத்திரி. உங்க ஓட்டுநர்கிட்ட சொல்லேன், கொஞ்சம் கீழ இறக்கட்டும். நமக்கும் சூரியன் மறைஞ்சுடும். அவ மனசாரக் குடிச்சுடுவா."

வஹீபா அசந்துபோனாள். மொக்ரான் தாளில் கூட்டிக் கழித்துச் சொன்னதை இந்த மனிதர் மலைப்பாதையில் வண்டி ஓட்டியே கற்றிருந்தார். கூடவே அவள் மனதில் வேறொரு எண்ணமும் ஓடியது. விமானம் மேற்கு நோக்கிப் போகிறது. சூரியன் நேர் எதிரே இருக்கிறது. அதை முழுசாகப் பார்க்கக்கூடியவர்கள் விமானி அறையில் இருக்கும் இரண்டு பேர் மட்டும். ஜன்னல் மறைப்புகளை இறக்கச் சொல்லிவிட்டு, சூரியன் மறைந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு வார்த்தை போதும். ஆனால் நூற்று அறுபது பேர் அந்த வார்த்தையை நம்பிப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுப்பார்கள். அவளுக்கு அது முடியாது என்று தோன்றியது.

சாற்றைச் சக பணிப்பெண் ஒருத்தியிடம் கொடுத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விமானி அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு எதிரே சூரியன் பெரிய செப்புத்தட்டுப்போல அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. பயணி ஒருவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்பதையும் கணவர் கேட்டதையும் சொன்னாள். மொக்ரான் திரும்பிப் பார்த்து, இதைச் சொன்னது யார், கடலோடியா, விமானப்படைக்காரரா என்று கேட்டான். பேருந்து ஓட்டுகிறவர் என்றாள். அவன் தன் தாளை ஒருமுறை பார்த்தான். "மனுஷன் சரியாச் சொல்லியிருக்காருக்கா" என்று மட்டும் சொன்னான்.

கேப்டன் மறுத்துவிட்டார். வானத்தில் அவரவருக்கு ஓர் உயரம் ஒதுக்கியிருக்கிறது, கட்டுப்பாட்டு அறை சொல்லாமல் இறங்க முடியாது. சூரியனை மறைய வைப்பதற்காக இறங்குவது நோன்பை ஏமாற்றுவதாகும், அதை அந்த அம்மாளே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் இறங்கும் வரிசையில் முதலிடம் கேட்கிறேன், விமானம் நிற்கும் இடத்திலேயே ஆம்புலன்ஸ் காத்திருக்கும் என்று சொன்னார். பிறகு வஹீபாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "நோயாளியைச் சூரியனுக்காகக் காக்க வைக்காதீங்க. எப்படியாவது குடிக்க வைங்க."

வஹீபா திரும்பி வந்து, முடியாது என்று பூஅலாமிடம் சொன்னாள். சர்க்கரை மறுபடி பார்த்ததில் 0.49. யமீனாவின் கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. இன்னும் கொஞ்சம் போனால் குடிக்கச் சொன்னாலும் விழுங்க முடியாமல் போய்விடும்.

பூஅலாம் உட்கார்ந்தார். மடியில் இருந்த உணவுப் பெட்டியை நிதானமாகத் திறந்தார். பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து, பிஸ்மில்லா என்று சொல்லி, எல்லோர் பார்வையிலும் படும்படி வாயில் போட்டு மென்றார். மோர்ப் பொட்டலத்தைக் கிழித்து அதையும் குடித்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடமாகப் பயணத்திலேயே வாழ்ந்தவர் அவர். ஆகஸ்டு மாத வெயிலில், இன் ஸலா ஊரைத் தாண்டிய கொதிக்கும் மணலில், வண்டி ஓட்டிக்கொண்டே நோன்பு பிடித்தவர். பயணிக்கு உள்ள சலுகையை ஒருநாள்கூடத் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையை யமீனா அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறியமாட்டார்கள்.

யமீனாவின் கண்கள் மெல்லத் திரும்பி அவர் வாயைப் பார்த்தன.

"என்ன பண்ணிட்டீங்க?"

"நானும் பயணிதானே. சலுகையை எடுத்துக்கிட்டேன்."

"இத்தனை வருஷம்..."

"கணக்கு தப்பாப் போட்டது நான். உன் நோன்பு மட்டும் போகணும்னா அது என்ன நியாயம்? என்னோடதும் போகட்டும். இந்தா, குடி. தனியா நான் மட்டும் சாப்பிட்டா இங்க இருக்கற நூத்தி அறுபது பேரும் என்னைத்தான் முறைப்பாங்க. துணைக்கு வா."

கோப்பையை அவரே பிடித்தார். அந்தக் கனத்த கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத ஒரு பாவனை யமீனாவின் முகத்தில் வந்தது. பிறகு வாயைத் திறந்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. வஹீபா தன்னையறியாமல் அவருடைய ஒவ்வொரு மடக்குக்கும் சேர்த்துத் தானும் எச்சில் விழுங்கினாள். அவளுக்கும் காலையிலிருந்து நோன்புதான்.

கால் மணி நேரம் கழித்து 0.78. நெற்றி வேர்வை உலர்ந்திருந்தது. யமீனா ரொட்டித் துண்டு ஒன்றைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே கணவரைத் திட்ட ஆரம்பித்திருந்தார். நல்ல அறிகுறி என்று வஹீபா நினைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கேப்டனின் குரல் மறுபடி வந்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நூற்று அறுபது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இறக்கையின் மேல் கிடந்த செம்பொன் மெலிந்து, கருஞ்சிவப்பாகி, நுனிக்கு ஒதுங்கி, அங்கேயிருந்தும் போய்விட்டது. வஹீபா தன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இரண்டு. மொக்ரானே ஒலிபெருக்கியில் பாங்கு சொன்னான்; மலைக்காரக் குரல், அழகாக இல்லை, ஆனால் பிசிறில்லாமல் இருந்தது. விமானம் முழுக்கப் பொட்டலங்கள் பிரிகிற ஓசை எழுந்தது. முன்வரிசை ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து, தன் பங்கு புரேக்கை, அந்தப் பொரித்த சுருளை, பூஅலாமின் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அப்படிச் செய்தார்கள். இவ்வளவையும் யார் தின்பது என்று பூஅலாம் கூச்சத்தோடு நெளிந்தார்.

தரையிறங்கியபோது ஏழரை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வந்து யமீனாவைப் பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இரவு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். சக்கர நாற்காலி வேண்டாம் என்று அந்த அம்மாள் பிடிவாதமாக மறுத்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். மற்ற பயணிகள் எல்லாம் இறங்கியிருந்தார்கள். விமானி அறைக் கதவு திறந்து மொக்ரான் தொப்பியோடு வெளியே வந்து, வாசலில் வஹீபாவுக்குப் பக்கத்தில் நின்றான். பூஅலாம் அருகில் வந்ததும் கையை நீட்டினான்.

"ஹாஜி, நான் ரெண்டு வருஷம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை நீங்க ஒரு பள்ளத்தாக்குல கத்துக்கிட்டீங்க."

பூஅலாம் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். ஏழு இரண்டு என்றால் ஏழு இரண்டுக்கே மறைய வைத்தாயே, என் வண்டிகூட அத்தனை சரியாகப் போய்ச் சேர்ந்ததில்லை தம்பி என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்து யமீனா பெருமூச்சு விட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது, விட்ட நோன்பை எப்போது பிடிப்பது என்று அவர் கணவரிடம் கேட்டார். டாக்டர் சம்மதித்தால்தான் என்று பூஅலாம் சொன்னார். சம்மதித்தால் டிசம்பரில் பிடிப்போம், பகல் குட்டையாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்.

"டாக்டர் வேண்டாம்னா நான் ஏழைக்குச் சாப்பாடு போட்டுக்கறேன். உங்களுக்கு டிசம்பர் கிடையாது. ஜூன்ல பிடிங்க. இருபத்தி ஒண்ணாந் தேதி, அதுதான் வருஷத்துலயே நீளமான பகல்."

"ஏன் அப்படி?"

"கடிகாரம் பார்க்கப் பழக வேணாமா?"

வஹீபா படியின் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூஅலாம் சிரித்தபடி தலையை ஆட்டிச் சம்மதித்தார். இருவரும் காத்திருந்த பேருந்தில் ஏறினார்கள். அவர் வழக்கப்படி ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் போய் உட்கார்ந்து, முனையக் கட்டிடம் இங்கிருந்து எவ்வளவு தூரம், போக எத்தனை நிமிடம் ஆகும் என்று அவனிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.